முன்னுக்கு வாற பேர்

கிறகரியைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் மாதா கோயில் ஆண்டு மலர் போடுகிறவர்கள் என்னிடம் வந்தார்கள். எமிலியானுஸ் ஆகிய என்னைப் பற்றி எழுத ஒருத்தரையும் கேட்டதாகத் தெரியவில்லை. பரவாயில்லை. பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் தெருவின் முதல் தமிழ்க் கடை நான் போட்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், சாமான் இறக்க வந்தவர்களோடு கதைத்தே பிரெஞ்சு பிடித்தவன். இதை முதலில் எழுதிவிட்டு அவனுக்கு வருகிறேன்.

கிறகரி மன்னார் ஆள். வந்த புதிதில் என் கடையில் மீன் வெட்டினான். பிறகு காசு லொறியில், வங்கிகளுக்குக் காசு ஏற்றி இறக்கும் அந்த இரும்பு வாகனத்தில், இடுப்பில் றிவோல்வர் கட்டிக் காவலுக்குப் போனான். அதோடும் நிற்கவில்லை. அந்த வேலைக்கு வருகிறவர்களுக்குத் துவக்குச் சுடப் பழக்கும் மாஸ்டர் ஆனான். அவன் கையெழுத்து வைத்தால்தான் துவக்குக் கட்டும் பத்திரத்துக்கு விண்ணப்பம் போகும். வெள்ளைக்காரப் பெடியள் அவனை மரியாதையாக “மெஸ்யே கிறகரி” என்றார்கள். என்னிடம் மீன் வெட்டினவனை!

ஒருநாள் அவனைக் கேட்டேன்.

“டேய் கிறகரி, கடைக் காசோடை தனியத்தானே வீட்டை போறன். சேட்டுக்குள்ளை துவக்கு மறைச்சு வைக்க எனக்கும் ஒரு பத்திரம் எடுத்துத் தாவன்.”

“இஞ்சை கடைக்காரருக்கு அதை லேசிலை தராங்கள் அண்ணை. எங்களுக்கே வெளியிலை தெரியத்தான் கட்டவேணும்.”

“உனக்குத் தருவாங்கள், எனக்குத் தரமாட்டாங்களோ?”

“உங்களுக்கு என்னத்துக்குத் துவக்கு? நீங்கள் வாயைத் திறந்தாலே கள்ளன் ஓடியிடுவான்.”

கடையில் நின்ற சனம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு எங்கள் தெரு அருமைராசாவின் மூத்த மகள் றொசானா அவனிடம் துவக்குப் பழகப் போனாள். அவள் வேலை செய்த தையல் தொழிற்சாலை பூட்டி வேலை போயிருந்தது, தகப்பன் இருதய வருத்தத்தோடு வீட்டில் இருந்தார். பத்திரம் மாத முடிவுக்குள் வந்தால் காசு லொறியில் வேலை தருவதாக ஒரு கொம்பனி சொல்லியிருந்தது. பிள்ளை நன்றாகச் சுட்டாள், பரீட்சையும் பாஸ். ஆனால் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.

பிழை பேரில். பிரெஞ்சுப் படிவத்தில் இரண்டு கட்டம்: “நோம்”, “பிறேநோம்”. அவர்களுக்கு நோம் என்றால் குடும்பப் பேர், பிறேநோம் என்றால் சொந்தப் பேர். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பேர் ஏது? தகப்பன் பேர் முன்னுக்கு, சொந்தப் பேர் பின்னுக்கு. றொசானா படிவத்தை நிரப்பும்போது, “மாஸ்டர், பிறேநோம் எண்டா என்ன?” என்று கேட்டிருக்கிறாள். அவன் வேறொருத்தனுக்கு றிவோல்வர் பிடிக்கக் காட்டிக்கொண்டு, திரும்பிப் பாராமலே, “முன்னுக்கு வாற பேர், பிள்ளை” என்றிருக்கிறான். முன்னுக்கு வருவது அப்பாவின் பேர்தானே! பிள்ளை அந்தக் கட்டத்தில் அருமைராசா என்றும் மற்றதில் றொசானா என்றும் எழுதிவிட்டது. அடியில் “அடையாள அட்டை பார்த்தேன், எல்லாம் சரி” என்று கிறகரி கையெழுத்து வைத்திருந்தான். அவளுடைய குடிவரவுப் பத்திரத்திலோ பேர் மறுவளமாகக் கிடந்தது. துவக்கு விசயத்தில் பேர் மாறினால் விளையாட்டா? யார் விட்ட பிழை, எழுத்தில் விளக்கம் தா என்று பத்திரம் கொடுக்கிறவர்கள் அவனைக் கேட்டிருந்தார்கள்.

றொசானாவை என் காரில்தான் கிறகரி வீட்டுக்கு ஏற்றிப் போனேன். குசினியில் சாப்பாட்டு மேசையடியில் இருந்தோம். பிள்ளையின் கண் வீங்கியிருந்தது.

“இதிலை யோசிக்க என்ன கிடக்கு?” என்றேன் நான். “பிள்ளை பிழையா எழுதிப்போட்டுது எண்டு எழுதன். அவள்தானே எழுதினது.”

“ஓம் மாஸ்டர், நான்தானே எழுதினனான். அப்பிடியே எழுதுங்கோ,” என்றாள் அவளும்.

கிறகரி மாட்டேன் என்று தலையாட்டினான். “அப்பிடி எழுதினா, துவக்குக் கேட்டுப் பேரை மாத்திக் குடுத்தவள் எண்டு உனக்குத்தான் கறை விழும். பேந்து ஒரு கொம்பனியும் எடாது.”

“உன்ரை பிழை எண்டு எழுதினா?” என்று கேட்டேன்.

“பழக்கிற உரிமை போகும்.”

“உனக்கென்ன விசரோ? அதுக்கு எத்தினை வருசம் நாய்ப்பாடு பட்டனி!”

“அண்ணை, நான் அட்டையைப் பாக்கேல்லை. தெரிஞ்ச பிள்ளைதானே எண்டு விட்டிட்டன். பாக்கிறதுக்குத்தானே எனக்குச் சம்பளம்.”

அந்த இடத்திலேயே எழுதினான். வாங்கி வாசித்துப் பார்த்தேன். சுகமில்லை, வேலை கூட, பாஷை விளங்கவில்லை என்று ஒரு சாட்டும் இல்லை. நான் எழுதியிருந்தால் ஒன்பது சாட்டுப் போட்டிருப்பேன்.

மாதம் முடிய முதலே றொசானாவுக்குப் பத்திரம் வந்தது. கிறகரிக்கு உரிமை போனது, திரும்பக் காசு லொறிக்கே, இந்த முறை ஓட்டப் போனான். இனி ஆள் இறங்கிவிடுவான் என்றுதான் நினைத்தேன். இறங்கவில்லை. அதுவரை படிவம் நிரப்ப என் கடைக்கு வந்த சனம், கோயிலில் பூசை முடிய அவனைச் சுற்றி நிற்கத் தொடங்கியது. நான் இலவசமாகத்தான் நிரப்பிக் கொடுத்தேன், தேத்தண்ணியும் கொடுத்தேன்.

பொறுக்க முடியாமல், கடைக்கு வழக்கமாக வருகிற பிலோமினம்மாவிடம் கேட்டேன். “பிழை விட்டு உரிமை போனவனிட்டையோ படிவம் கொண்டு போறியள்?”

“அதுக்குத்தானே போறம்,” என்றா அவ. “இனி அவர் ரெண்டு தரம் பாப்பார்.”

என் கடையும் வீடும் என் கையால் வந்தவை. கிறகரிக்கு இன்றைக்கும் வாடகை வீடுதான். இருந்தும் அவன் கோயிலுக்குள் வர வாங்கில் தள்ளி இருந்து இடம் விடுகிறார்கள். நான் வந்தால், “அண்ணை, கடையிலை முருங்கைக்காய் வந்திட்டுதோ?” என்று கேட்கிறார்கள்.

போன மாதம் என் கடைக்கு எதிர்ப்பக்கத்து வங்கியில் காசு லொறி வந்து நின்றது. பின்கதவால் றொசானா குதித்தாள். கறுப்புச் சப்பாத்து, இடுப்பில் றிவோல்வர், தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். முன்னுக்கு ஓட்டுகிறவன் இருக்கையில் கிறகரி. “எங்கடை பிள்ளையடி!” என்று ஒருத்தி கத்தினதுதான், கத்தரிக்காயைத் தராசிலேயே விட்டுவிட்டு எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள்.

பிலோமினம்மா கதவடியில் நின்று கூப்பிட்டா. “எமிலியானுஸ் அண்ணை, வந்து பாருங்கோவன். கிறகரி மாஸ்டர் உங்களுக்குக் கை காட்டுறார்.”

“எனக்குக் கடையிலை வேலை கிடக்கு,” என்றேன்.

கடையில் ஒரு குஞ்சு குருவிகூட இல்லை.