பஸ் ஓடாத நாளில் ஜெயதாஸ்

பாறசாலை டிப்போவில் ஜெயதாஸ் பதினெட்டு வருடமாக டிரைவர். காலை ஆறு இருபதுக்குத் திருவனந்தபுரம் கிளம்பும் பஸ் பெரும்பாலும் அவன் கையில்தான் இருக்கும். அவன் மனைவி பின்சிக்குத் திருவனந்தபுரத்தில் பட்டம் என்ற இடத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கொல்லயிலில் இருக்கும் வீட்டிலிருந்து இருவரும் டிப்போவுக்கு நடந்து வருவார்கள். அவள் அவனுடைய பஸ்ஸிலேயே ஏறிக்கொள்வாள். பின்சி எங்கே போனாலும் தான்தான் கொண்டுபோய் விடுகிறோம் என்பதில் ஜெயதாஸுக்கு வெளியே சொல்லாத ஒரு கர்வம் உண்டு. வீட்டில் பைக்கோ ஸ்கூட்டரோ கிடையாது. இரண்டு சக்கரத்தில் போகிறவர்கள் எல்லாம் பஸ்ஸின் அடியில் விழுவதற்கென்றே பிறந்தவர்கள் என்பது அவன் கட்சி.

அந்த வருடம் சங்கங்கள் சேர்ந்து ஒரு நாள் பஸ் வேலைநிறுத்தம் அறிவித்தன. டிப்போ வாசலில் கொடி கட்டியவர்களில் ஜெயதாஸும் ஒருவன். முந்தின நாள் சாயங்காலம் பின்சி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"நாளைக்கு சஜு வாறான். அவனுக்க ஸ்கூட்டர்ல போறேன்."

"எந்த சஜு?"

"லேபில உள்ள சஜு. உதியன்குளங்கரைக்காரன்."

"லீவு போடப்பிடாதா?"

"நீங்க சமரம் செய்தா எனக்கு லீவு தருவினுமா?"



காலை ஆறு மணிக்கு சஜு வந்தான். முப்பது வயது இருக்கும். அயர்ன் செய்த சட்டை, நீல நிற ஸ்கூட்டர். "அண்ணா, சமரம் ஜெயிக்கட்டு" என்று சிரித்தான். பின்சி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். திரும்பும் முனையில் அவன் ஏதோ சொல்ல, அவள் சிரித்தது வீட்டு வாசல் வரை கேட்டது.

ஜெயதாஸ் டிப்போவுக்குப் போனான். கோஷம் போட்டான். ஆனால் மனம் வேறொரு கணக்கில் கிடந்தது. உதியன்குளங்கரையிலிருந்து பட்டம் வடக்கே இருக்கிறது, பாறசாலை தெற்கே. வேலைக்குப் போகிறவன் எவனாவது தெற்கே வந்துவிட்டு வடக்கே போவானா? அவள் சிரித்த சிரிப்பும் அவன் மனதை விடவில்லை. பதினெட்டு வருடத்தில் தன் பஸ்ஸில் அவள் ஒரு நாளாவது அப்படிச் சிரித்திருக்கிறாளா?

எட்டரை மணிக்குக் கொடியைக் கண்டக்டர் சதாசிவனிடம் கொடுத்தான். "வயிறு சரியில்லலே, இப்பம் வாறேன்" என்று சொல்லிவிட்டு நேரே ரயில் நிலையத்துக்கு நடந்தான்.

ரயிலில் நிற்க இடமில்லை. பஸ்ஸில் போகவேண்டிய சனமெல்லாம் அதில்தான் இருந்தது. ஒரு பெரியவர் பஸ்காரர்களை நெய்யாற்றின்கரை தொடங்கி நேமம் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார். ஜெயதாஸ் சட்டைப்பையில் குத்தியிருந்த சங்க பேட்ஜை மெதுவாகக் கழற்றி உள்ளே போட்டுக்கொண்டான்.

திருவனந்தபுரத்தில், தம்பானூரில் இறங்கினால் ஆட்டோவுக்கு நூறு பேர் வரிசை. பட்டம் என்ன தூரம், ஐந்து கிலோமீட்டர் இருக்குமா என்று நடக்கத் தொடங்கினான். தினமும் ஓட்டுகிற ஊர்தான். ஆனால் டிரைவர் சீட்டில் இருந்து பார்த்த ஊருக்கு இப்படி ஏற்றங்கள் இருந்ததாக அவனுக்கு ஞாபகமில்லை. ஸ்டாச்சு ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. பாளையத்தில் செருப்பின் வார் அறுந்தது. வழியில் ஆணும் பெண்ணுமாக எத்தனை ஸ்கூட்டர் போயிற்றோ அத்தனையையும் உற்றுப் பார்த்தான். பெண்ணின் கை எங்கே இருக்கிறது, தோளிலா, பின் கம்பியிலா? பின்சி எங்கே பிடித்திருப்பாள்? காலையில் அதைப் பார்க்காமல் விட்டுவிட்டோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

பரிசோதனைக் கூடத்தின் வரவேற்பில் ஜிஜா என்ற பெண் இருந்தாள். இவனை அடையாளம் தெரிந்தது.

"பின்சி வெளிய போயிருக்கு அண்ணா. பஸ் இல்லாத்தனால வயசானவங்களுக்கு இங்க வர முடியாதுல்லா? வீடு வீடா போய் ரத்தம் எடுக்கா."

"தனியாவா?"

"இல்ல, சஜு கூட உண்டு."

அறுந்த செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயதாஸ் வாசல் படியில் உட்கார்ந்தான். சஜுவிடம் சொல்லவேண்டியதை மனதுக்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தான். கடைசி விதத்தில் கையும் ஓங்கியிருந்தது.

அரை மணி நேரம் கழித்து நீல ஸ்கூட்டர் வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தது பின்சி. பின்னால் மடியில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான் சஜு. எதிரே வந்த காருக்கு வழி விட்டு, வளைத்து, இரண்டு தூண்களுக்கு நடுவே வண்டியை அலுங்காமல் நிறுத்தினாள்.

ஓங்க நினைத்த கை என்ன செய்வதென்று தெரியாமல் மடியிலேயே கிடந்தது.

"நீங்க என்ன இங்க? செருப்புக்கு என்ன பற்றிச்சு?" என்றாள் பின்சி.

"நீ... வண்டி ஓட்டுவியா?"

"பின்ன ஓட்டாம? லைசென்ஸ் உண்டு. மார்ச்சில எடுத்தது."

மார்ச்சிலிருந்து இது எத்தனையாவது மாதம் என்று அவன் எண்ணினான். ஏழு.

"யாரு படிப்பிச்சது? இவனா?"

"ஜிஜா சேச்சி ஆக்கும்" என்றான் சஜு, பெட்டியை உள்ளே எடுத்துக்கொண்டு. "எனக்கு வண்டியைத் தாறதுக்குப் பயமாத்தான் இருந்துது. இப்பம் பின்சி என்னைவிட நல்லா ஓட்டுதா."

சஜு படிப்பிக்கவில்லை என்பதில் ஜெயதாஸுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. முன்பு, கொல்லயில் கோயில் மைதானத்தில் பின்சியின் தம்பி ஸ்கூட்டரை நிறுத்தியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "எனக்கு ஒண்ணு சொல்லித் தாருங்களேன்" என்று அவள் கேட்டாள். "உனக்கு என்னத்துக்கு, நான் இல்லியா?" என்று சொல்லிவிட்டான். பிறகும் இரண்டு தடவை கேட்டிருந்தாள். இப்போது வரவேற்பில் இருக்கும் அந்தப் பெண்ணின்மேல், ஐஸ் பெட்டிக்காரன்மேல், நீல ஸ்கூட்டரின்மேல்கூட அவனுக்குப் பொறாமையாக இருந்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அவனைத் தவிர.

சாயங்காலம், இரவு வேலைக்கான டெக்னீஷியன் வர வழியில்லாததால் சஜுவே அங்கே தங்குவதாயிற்று. ஸ்கூட்டரைப் பின்சியிடம் கொடுத்தான். ஹெல்மெட்டை ஜெயதாஸிடம் நீட்டினான்.

"சாவியைத் தா. நான் ஓட்டுதேன்" என்றான் ஜெயதாஸ்.

"என்னை நம்பித் தந்த வண்டி. ஏறுங்க."

ஏறினான். ஹெல்மெட்டுக்குள் சஜுவின் தலை எண்ணெய் மணம். பாலராமபுரம் நெரிசலில் அவள் ஏதாவது தப்புச் செய்வாள், சொல்லலாம் என்று காத்திருந்தான். அவள் செய்யவில்லை. நெய்யாற்றின்கரை சிக்னலில் நின்றபோது சொன்னான்:

"ஒரு வாக்கு சொல்லியிருக்கலாம்."

"சொன்னா டெஸ்டுக்கு வந்து நிப்பிய. நீங்க நின்னா எனக்குக் கை வெறைக்கும்."

விளக்கு பச்சையாயிற்று. 

அடுத்த வருட ஓணத்துக்கு முன்னால் பின்சி சொந்தமாக ஒரு ஸ்கூட்டர் வாங்கினாள். ஒரு நாள் டிப்போ வாசலில் அவள் வண்டியைத் திருப்பிய அழகைப் பார்த்து, "ஆரு மக்கா படிப்பிச்சது, நல்லா ஓட்டுதாளே?" என்றான் சதாசிவன்.

"நான்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் கொண்டுபோய், ஆறு மாசம் கஷ்டப்பட்டேன்" என்றான் ஜெயதாஸ்.

பின்சிக்கு அது கேட்டது. அவனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு ஹெல்மெட்டின் பட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனாள்.