ஒரு குசினி, இரண்டு பத்தியச் சட்டிகள்

சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு என் சம்பந்தி அம்மா முரசுமோட்டையிலிருந்து மாட்டு வண்டிலில் வந்து இறங்கினார். ஒரு கையில் கால் கட்டிய இரண்டு பேட்டுக் கோழிகள். மறு கையில் ஒரு மண்சட்டி. கோழிகளைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சட்டியைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. எங்கள் வீட்டில் சட்டி இல்லையா?

என் மகள் தலைப்பிள்ளையைப் பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. முதல் பேறு தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். தாய் இல்லாத வீட்டில் அந்தப் பொறுப்பு என்னுடையது. வட்டக்கச்சியில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த காலத்தில் என் மனைவி இருந்தாள். மகளுக்கு எட்டு வயதாகும்போது, இரண்டாவது பிள்ளைப்பேற்றில் அவளும் போனாள், பிள்ளையும் போனது. அன்றிலிருந்து மகளுக்குச் சமைத்துப் போட்டது நான். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துவிட்டு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்பு மூட்டுவேன். இப்போது அவளுக்குப் பேற்றுச் சாப்பாடும் நானே செய்யத் தொடங்கியதும், “வாத்தியார் பத்தியம் காய்ச்சுறாராம்” என்று வாய்க்காலில் குளிக்க வருகிறவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

பிள்ளை பெற்றவளின் பச்சை உடம்புக்கு எண்ணெயும் தேங்காய்ப்பாலும் ஆகாது. ஆனால் இறைச்சி வேண்டும். ஆகவே இளம் கோழியைச் சிறு துண்டுகளாக வெட்டி, மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளிப்பூண்டு எல்லாவற்றையும் அம்மியில் பட்டுப்போல அரைத்துப் பிரட்டி, வெறும் சட்டியில் போட்டு மூடிவிட வேண்டும். நெருப்பு தணலாக இருக்க வேண்டும். சிறிது நேரத்தில் இறைச்சி தன் தண்ணீரைத் தானே விடும். அந்தத் தண்ணீரிலேயே வெந்து, அந்தத் தண்ணீரையே மறுபடி குடித்து, கடைசியில் தன் கொழுப்பிலேயே மெல்லப் பொரியத் தொடங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் இறக்க வேண்டும். பிள்ளை பெற்ற அயல்பெண்களுக்கு என் மனைவி செய்ததைக் குசினிக் கதவில் சாய்ந்து நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது அது. அதைச் செய்ய இந்தப் பகுதியில் எனக்கு மேல் ஒருவர் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு குறை மட்டும் உண்டு. மனைவி போன நாளிலிருந்து நான் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை. சமைப்பேன், வாயில் வைக்கமாட்டேன். உப்பும் பதமும் பார்த்துச் சொல்வது எப்போதும் மகளின் வேலை. இப்போது அவள் அறைக்குள் கிடந்தாள். துடக்கு, அதாவது பேற்றுத் தீட்டு, கழியும் வரை குசினிப் பக்கம் வரக்கூடாது.

சம்பந்தி அம்மாவும் அப்போது மச்சம் சாப்பிடுவதில்லை. பேரப்பிள்ளை சுகமாகப் பிறந்தால் ஒரு வருஷம் மரக்கறிதான் என்று அம்மனுக்கு நேர்ந்திருந்தார். ஆக, ஒரே குசினியில் இறைச்சியை வாயில் வைக்காத இரண்டு பேர் இறைச்சி சமைக்கத் தொடங்கினோம்.

வந்த அன்றே என் சட்டியின் மூடியைக் கேளாமல் திறந்தார்.

“அண்ணை, உதுக்குள்ள தண்ணி நிக்குதே?”

“அது இறைச்சி விட்ட தண்ணி, தங்கச்சி. நான் ஊத்தினதில்லை.”

“ஆர் விட்டாலென்ன, தண்ணி தண்ணிதானே? பச்சை உடம்புக்காரிக்குக் குளிர்மை ஏறும். எங்கட வீட்டில சட்டி கிலுகிலுக்கும்வரை காய வைக்கிறது.”

“கிலுகிலுக்க அது என்ன, பிள்ளைக்கு வாங்கின கிலுக்கட்டியோ?”

“நீங்கள் கணக்குப் படிப்பிக்கிறனீங்கள். பத்தியம் கரும்பலகையில வராது அண்ணை.”

மத்தியானம் சோறும் இறைச்சியும் போட்ட இரண்டு கோப்பைகள் அறைக்குள் போயின. அவருடைய கோப்பை வெறுமையாகத் திரும்பி வந்தது. என்னுடையதில் இரண்டு துண்டு மிச்சம். மகளிடம் வாசலில் நின்று கேட்டேன். “நல்லாயிருக்கப்பா” என்றாள். பிறகு உள்ளே அதே குரலில், “நல்லாயிருக்கு மாமி” என்றதும் கேட்டது.

அடுத்த நாள் என் சட்டியை நானும் கூடுதலாகக் காயவிட்டேன். அவர் என் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத் தன்னுடையதை இன்னும் கொஞ்சம் வைத்திருந்தார். அதைக் கண்டு நான் அடுப்புக்குள் இன்னொரு விறகைத் தள்ளினேன். இரண்டு அகப்பைகளின் சத்தம் மட்டும் கேட்டது.

இறைச்சியைக்கூட நான் பொறுத்திருப்பேன். அறையைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் வளர்த்த பிள்ளையின் அறை வாசலில் நான் இருமிவிட்டு நிற்க வேண்டும். நேற்று வந்தவர் அவளின் பாயில் காலை நீட்டிக்கொண்டு இருப்பார். அவளுக்கு வெந்நீர் வார்ப்பார், தலை துவட்டுவார், வயிற்றுக்குத் துணி கட்டுவார். உள்ளே இரண்டு பேரும் எதையோ சொல்லிச் சிரிப்பார்கள். நான் விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு, என் மகள் என்னோடு எப்போது அப்படிச் சிரித்தாள் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். பெண்ணாய்ப் பிறந்ததைத் தவிர இந்த மனிசி என் மகளுக்காக என்ன செய்திருக்கிறார்? அம்மை போட்டபோது விசிறிக்கொண்டு விழித்திருந்தது நான். தலை பின்னிப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனது நான்.

அவர் வந்து ஒரு கிழமை முடியுமுன் கோப்பைகள் மாறத் தொடங்கின. என்னுடையதில் பாதி திரும்பி வந்தது. எனக்குச் சுருக்கென்றது. அவருடையதிலும் பாதி வந்ததைக் கண்டபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, மனம் குளிர்ந்தது. ஆனால் மறுநாள் மத்தியானம் இரண்டு கோப்பைகளும் போனபடியே திரும்பி வந்தன. கஞ்சி மட்டும் குடித்தாளாம். பின்னேரமும் அப்படியே.

என் மனைவியும் இப்படித்தான் தொடங்கினாள். காய்ச்சல் வருவதற்கு முதல், முகம் வெளிறுவதற்கு முதல், கோப்பையைத் தொடாமல் திருப்பி அனுப்பினாள். “பிறகு சாப்பிடுறன்” என்றாள். அந்தப் பிறகு வரவேயில்லை. பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அதே குசினியில், அதே மாதிரி நிறைந்த கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“உங்கட மிளகுதான் பிள்ளையின்ர வயித்தைக் கெடுத்தது” என்றேன்.

“என்ர மிளகோ? நீங்கள் அள்ளிப் போட்ட உள்ளிக்கு இந்த வீட்டுப் பல்லியும் ஓடிட்டுது.”

“நீங்கள் வரமுதல் அவள் வழிச்சுத் துடைச்சுச் சாப்பிட்டவள்.”

“நான் வரமுதல் அவள் பசியில கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியிருப்பாள்.”

“இவளின்ர தாயும் முதல்ல இப்பிடித்தான் கோப்பையைத் திருப்பி அனுப்பினவள்” என்று சொன்னேன். அதைச் சொல்ல நான் நினைத்திருக்கவில்லை.

சம்பந்தி அம்மாவின் கையில் அகப்பை அப்படியே நின்றது. பிறகு தாழ்ந்த குரலில், “அப்ப நாளைக்கு வண்டிலைக் கட்டுவம் அண்ணை. பிள்ளையையும் பேரக்குஞ்சையும் நான் கொண்டுபோறன். எங்கட பக்கத்தில மருத்துவிச்சி இருக்கிறா. நான் பாத்துக்கொள்ளுறன்” என்றார்.

அவர் இரக்கத்தில்தான் சொன்னார். எனக்கு அது களவு எடுப்பதாகப் பட்டது.

“இந்தப் படலையைத் தாண்டி என்ர பிள்ளை போகாது.”

“உங்கட பிள்ளை எண்டால் எனக்கு ஆர்? வழிப்போக்கியோ?”

இவ்வளவும் கதைத்துக்கொண்டே இரண்டு பேரும் இரவுச் சாப்பாட்டுக்கான இறைச்சியைப் பிரட்டிக்கொண்டிருந்தோம். யாரும் முதலில் சட்டியை இறக்கத் தயாரில்லை. குசினி முழுக்கப் புகை. இறைச்சித் துண்டுகள் சட்டியில் கற்கள்போல உருண்டு சத்தம் போட்டன.

அப்போது வாசலில் நிழல் தட்டியது. திரும்பிப் பார்த்தேன். மகள் நின்றாள். வயிற்றில் கட்டிய துணியோடு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் நிலையைப் பிடித்தபடி நின்றாள். துடக்கோடு குசினி வாசலுக்கு வந்திருக்கிறாள்.

“ஐயோ பிள்ளை, உள்ளுக்கு வராதை!” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

அவள் உள்ளே வந்தாள். என் சட்டியைப் பார்த்தாள், மாமியின் சட்டியைப் பார்த்தாள்.

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லையப்பா. நான் சாகேல்லை. எனக்குப் பசிக்குது. மாமியின்ர இறைச்சி பல்லுக்குள்ள நிக்குது, உங்கட இறைச்சி பல்லைக் கழட்டுது. ஒராளுக்குக் கூடாதெண்டு சொன்னா மற்றாள் வெண்டதாப் போயிடும் எண்டுதான் பேசாமல் கிடந்தனான். உந்த ரெண்டு சட்டியையும் இறக்கிப்போட்டு, தண்ணி விட்டு ஒரு குழம்பு வையுங்கோ. ஆராவது ஒராள் வையுங்கோ. ஆர் வைச்சதெண்டு மட்டும் எனக்குச் சொல்லாதேங்கோ.”