செவலை வாய் வைக்காத தண்ணீர்

பக்கத்து வீட்டுப் பெண் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். அன்றன்று படித்ததை மாலையில் யாரிடமாவது ஒப்பித்தாக வேண்டும், அகப்படுவது நான்தான். நேற்று மாட்டின் நாக்கைப் பற்றி ஆரம்பித்தாள். சுவை அறியும் மொட்டுகள் நம்மைவிட அதற்கு ஏராளமாம். "நமக்குத் தெரியாததெல்லாம் அதுக்குத் தெரியும் ஆன்ட்டி" என்றாள். கையிலிருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு ஆம்பூரில் தெரிந்த ஒரு மாடு நினைவுக்கு வந்தது அவளுக்குத் தெரியாது, பாவம்.

ஆம்பூர் என்றால் உங்களுக்குப் பிரியாணி மணக்கும். எனக்குத் தோல் மணக்கும். குடியாத்தத்திலிருந்து ஆசிரியை வேலைக்குப் போய் இறங்கிய அன்று மூக்கைப் பொத்திக்கொண்டு ரயிலடியிலேயே நின்றுவிட்டேன். ஊறும் தோல், சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை எல்லாம் சேர்ந்த நாற்றம். ஒரே மாதத்தில் மூக்கு செத்துவிட்டது. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது என் புடவையை முகர்ந்துவிட்டு அம்மா மூக்கைப் பொத்தினாள். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

அந்த ஊரில் எது கெட்டாலும் பழி தோல் வாசனை மேல்தான் விழும். பால் திரிந்தால் தோல் வாசனை. தலை வலித்தால் தோல் வாசனை. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் போனால்கூட அதுதான்.

நானும் ரெபேக்கா அக்காவும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வீடு. அவள் கணவர் ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வருவார், மறுநாள் போய்விடுவார். லில்லி அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். இயற்கைப் பாடமும் சுகாதாரப் பாடமும் எடுத்தது அக்காதான். பாடத்தைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை. லில்லிக்குக் கொடுக்கும் தண்ணீரைக் கொதிக்க வைப்பாள், வடிகட்டுவாள், மறுபடி கொதிக்க வைப்பாள். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

எங்கள் தெருவுக்கும் பள்ளிக்கும் தண்ணீர் பாலாற்று ஊற்றிலிருந்து வரும். முனுசாமி பீப்பாய் வண்டியில் கொண்டுவருவார். வண்டி இழுப்பது செவலை என்ற ஒற்றை மாடு. அந்தக் கோடையில் ஊற்று ஆழத்துக்குப் போய்விட்டது. தோல் பதனிடும் டேனரியின் முதலாளி நல்ல மனிதர்; தம் டேனரிக்குப் பின்னால் புதிதாக வெட்டிய கிணற்றில் யார் வேண்டுமானாலும் இறைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். முனுசாமியும் அங்கேயே பீப்பாயை நிரப்பினார். தண்ணீர் லேசாகக் கரித்தது. கோடையில் எந்தக் கிணறு கரிக்காது?

செவலை மட்டும் அந்தக் கிணற்றடியில் வாய் வைக்கவில்லை. முனுசாமி சிரித்தார். "அது இன்னா பண்ணும் டீச்சரம்மா, அதோட ஜாதிக்காரங்க தோலு அங்க கெடக்குது. வாசன புடிச்சிக்கிச்சி." ஊரே அதை நம்பியது. எல்லாருக்கும் கண் கலங்கிவிட்டது. மாட்டுக்கும் துக்கம் உண்டு என்று அக்கா வகுப்பில் சொல்ல, பிள்ளைகள் செவலைக்குப் புல் கொண்டுவந்து கொட்டினார்கள்.

இதற்குள் லில்லிக்கு வயிற்றுப்போக்கு. பாலும் தங்கவில்லை. வைத்தியர் பல் முளைக்கிறது என்றார். கண் உள்ளே போய், தோல் சுருங்கி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். அக்கா தண்ணீரை இன்னும் அதிக நேரம் காய்ச்சினாள். சுண்டச் சுண்டக் காய்ச்சினாள்.

ஒரு நாள் மதியம் பள்ளி வாசலில் வண்டி நின்றது. பீப்பாய் ஒழுகி, செவலையின் காலடியிலேயே தண்ணீர் குட்டையாகத் தேங்கியது. வெயிலில் வந்த மாடு, நாக்கு தொங்குகிறது. குனிந்து முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

குழந்தையோடு வாசலில் நின்ற அக்கா கேட்டாள்: "முனுசாமி, இங்க ஏது தோலு?"

டேனரி இருந்தது ஊரின் அந்தக் கோடியில்.

அக்கா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு முனுசாமியை ஆற்றுக்கு விரட்டினாள். அவர் மணலைத் தோண்டிக் கொண்டுவந்த ஒரு வாளி ஊற்றுத் தண்ணீரோடு, செவலையையும் ஓட்டிக்கொண்டு நேரே டேனரிக்குப் போனோம். ஈரத் தோல் குவியலுக்குப் பக்கத்திலேயே வாளியை வைத்தாள். செவலை தோலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே மூச்சில் வாளியைக் காலி செய்துவிட்டு அடியை நக்கியது.

வெளியே வந்த முதலாளி காலி வாளியைப் பார்த்தார், திரும்பி மேட்டைப் பார்த்தார். பூச்சி அரிக்காமலிருக்கப் பாஷாணம் தடவி வரும் தோல்களை அலசும் குழி, கிணற்றுக்கு மேட்டில் இருந்தது; அலசிய தண்ணீர் கசிந்து கிணற்றில்தான் இறங்கும். "யா அல்லா! எங்க வூட்லயும் இதான குடிக்கிறாங்க" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அன்றே கிணற்றில் கல்லும் மண்ணும் கொட்டி மூடினார்.

அக்கா அழவில்லை. "காய்ச்சினா கிருமிதான சாவும், வெஷம் சாவாதே. தண்ணி சுண்டிச்சி, வெஷம் சுண்டலடி. நானே கெட்டியாக்கிக் குடுத்திருக்கேன்" என்றாள்.

அதன் பிறகு ஊற்றுத் தண்ணீர்தான். பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். கண்ணாடி மாதிரி தண்ணீர், மணலின் குளிர்ச்சியோடு. லில்லி பிழைத்துக்கொண்டாள்.

ரெபேக்கா அக்கா இப்போது இல்லை. "உன்ன பொழைக்க வெச்சது பாலாறுடி" என்று கடைசிவரை மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அதனால் போன வருடம் லில்லி என்னையும் அழைத்துக்கொண்டு ஆம்பூர் போனாள். முனுசாமி வண்டி இறங்கிய துறையைக் கண்டுபிடித்தேன். ஆறு இல்லை, மணல்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்பதை நெருங்கும் அந்தப் பெண் சின்னக் குழந்தைபோல் மண்டியிட்டுக் கையால் தோண்டினாள். முழங்கை வரைக்கும் ஒன்றுமில்லை. அப்புறம் கசிந்தது. டீ டிகாக்‌ஷன் நிறத்தில், ஓரமெல்லாம் நுரை கட்டிக்கொண்டு, அதே தோல் வாசனையோடு வந்தது.

அதை உள்ளங்கையில் ஏந்தி என்னைப் பார்த்தாள். "இந்த எடம்தானா சித்தி? நல்லா பாத்து சொல்லுங்க."

இந்த இடம்தான்.