சதுரத்துக்குள் இருந்த பள்ளம்

வாவியின் வெள்ளத்தைக் கணினியில் கணித்துச் சொல்லும் வேலையில் நானும் நண்பனும் ஐந்து வருடம் ஒரே மேசையில் இருந்தோம். அவன் ஓட்டமாவடிக்காரன். போதுமான அளவு பெரிய கணினி கிடைத்தால் நாளைய மழையின் கடைசித் துளிவரை கணக்குப் போட்டுவிடலாம் என்பான்.

"எண்ணிக்கை இல்லாதவன் படைச்சவன் மட்டும்தான் மச்சான். படைப்புக்கு எண்ணிக்கை இருக்கு."

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆனால் உலகை எவ்வளவு நுணுக்கிப் பார்த்தாலும் அதற்குள் இன்னொன்று இருக்கும், அதற்கு முடிவே கிடையாது என்று வாதாடுவேன். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை பேசுவோம்.

அந்த மார்கழியில் மழை மூன்று நாளாக விடவில்லை. காலையில் அவனுடைய வாப்பா தொலைபேசியில் அழைத்தார். வயலருகே அவருடைய மாடுகள் கட்டப்பட்டுக் கிடந்தன. அவிழ்த்துவிட வேண்டும், தாம்போதியைக் கடக்கலாமா என்று கேட்டார். வெள்ளம் மேலால் வழிந்தோடத் தாழ்த்திப் போட்ட வீதி அது. நண்பன் கணிப்பை ஓட்டினான். மதியம்வரை கணுக்காலளவு தண்ணீர்தான் என்று வந்தது. என் பக்கம் திரும்பினான். நானும் திரையைப் பார்த்துத் தலையாட்டினேன்.

"பகல் பன்னிரண்டுக்குள்ள போய்ட்டு வந்திருங்க வாப்பா," என்றான்.

ஒன்பதரை மணிக்கு வெள்ளம் அவரை மோட்டார் சைக்கிளோடு இழுத்துக்கொண்டு போனது. மூன்றாம் நாள் வாவிக்கரைக் கண்டல் பற்றைக்குள் உடலைக் கண்டெடுத்தார்கள். ஜனாஸா அடக்கத்தன்று பள்ளிவாசல் மதிலோரம் நின்றேன். தொழுதுவிட்டு வந்தவன் என் கையைப் பிடித்தான். ஏசியிருந்தால் நன்றாயிருக்கும் என்று பட்டது.

வேலைக்குத் திரும்பிய அன்றே பிழையைத் தேடிப் பிடித்தான். கணிப்பில் நிலத்தை நூறடிச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே உயரம் கொடுத்திருந்தோம். தாம்போதியின் நடுவே மண் அரித்து விழுந்திருந்த பள்ளம் பத்தடி அகலம்கூட இல்லை. சராசரியில் அது காணாமல் போயிருந்தது.

"சதுரத்தச் சின்னனாக்கியிருந்தா வாப்பா இருந்திருப்பார்."

ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன்: "அதுக்குள்ளயும் இன்னொரு பள்ளம் இருந்திருக்கும் மச்சான். அதுக்கு முடிவே இல்ல."

அவன் திரையை விட்டு என் பக்கம் திரும்பினான். "அப்ப நான் என்ன செஞ்சாலும் வாப்பா போயிருப்பாரெண்டு சொல்றியா?"

அவனுடைய உலகத்தில் வாப்பாவைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. அதைத் தவறவிட்ட குற்றத்தை அவன் சுமக்கத் தயாராயிருந்தான். என் உலகத்தில் குற்றமும் இல்லை, வழியும் இல்லை. அந்த உலகத்தை அவனுக்குக் கொடுக்கப் பார்த்தேனே என்று வெட்கப்பட்டேன்.

கோடையில் தாம்போதியை அடிக்கு அடி அளக்கப் போனான். நானும் அளவுகோலைப் பிடிக்கக் கூடப் போனேன். அவன் ஒவ்வோர் உயரத்தையும் வாய்விட்டுச் சொல்லிக் குறித்துக்கொண்டான். வீதி முழுவதையும் அளந்து முடித்த பிறகு, அரையடிக்கு ஒன்றாக முதலிலிருந்து தொடங்கினான். வெயில் கொளுத்தியது. எங்கே நிறுத்துவாய் என்று நான் கேட்கவில்லை.