பதினான்காம் விதியை எழுதியவர்

வடசேரியில் பத்திரம் எழுதிப் பிழைத்த கோலப்பனுக்கு வயது எழுபத்தொன்று. சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. பொறாமை உண்டு, அதுவும் ஒரே ஒரு ஆள் மேல். அந்த ஆள் காய்கறிக் கடை தாணுமாலயன்.

நாற்பது வருஷத்தில் கோலப்பன் கையால் எத்தனை வயல், எத்தனை தோப்பு கைமாறியிருக்கும்! ஒவ்வொரு பத்திரத்தின் அடியிலும் எழுதியவர் கோலப்பன் என்று ஒரு வரி உண்டு. பத்திர எழுத்தின் முறை அது. தன் பேர் இல்லாமல் அவர் எழுதிக்கொடுத்தது வாழ்நாளில் ஒன்றுதான். பதினெட்டு வருஷம் முன்பு சந்தைப் பக்கத்துக் கடைக்காரர்கள் முப்பது பேர் சங்கம் தொடங்கினார்கள். தாணுமாலயன் தலைவர். பால்ய சிநேகிதன் வேறு. "வே கோலப்பா, சங்கத்துக்கு விதியெல்லாம் எழுதித் தாரும்" என்று வந்து நின்றார். இவர் மூன்று நாள் இருந்து இருபத்திரண்டு விதிகள் எழுதினார். அடியில் தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட மட்டும் இடம். சிநேகிதன்தானே என்று பேசாமல் இருந்துவிட்டார். அங்கேதான் புத்தி கெட்டது.

சந்தை முழுக்க, தாணு அண்ணாச்சி எழுதின சட்டம் என்றே பேச்சாகிவிட்டது. தாணுமாலயன் முதலில் சும்மா சிரித்தார். அப்புறம் தலையாட்டினார். பிறகு, எழுதும்போது தான் பட்ட பாட்டையே கதையாகச் சொல்ல ஆரம்பித்தார். பாவி மனுஷன்! கேட்டுக்கொண்டிருந்த கோலப்பனுக்கு வயிறு எரிந்தது.

"அவரு நல்லாத் தின்னுட்டு உறங்குகாரு. உங்களுக்குத்தான் சோறு எறங்க மாட்டேங்கு" என்றாள் மனைவி பகவதியம்மாள்.

இந்த வருஷப் பொதுக்கூட்டம் நவம்பர் இருபத்தாறில், அரசியலமைப்பு நாளில் நடந்தது. பேச வந்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார் நாராயணபெருமாள்.

"நம்ம நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுத ஒரு குழு, அதுக்கு ஒரு தலைவரு, மொத வரைவு தயாரிக்க ஒரு ஆலோசகரு, கடைசில அழகாக் கையால எழுத ஒருத்தரு. நம்ம சங்கத்துக்கோ எல்லாமே தாணுமாலயன் ஒருத்தருதான்!"

சால்வை போர்த்தினார்கள். சிநேகிதன் அழைத்தாரே என்று வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கோலப்பன் பல்லைக் கடித்தார். நாட்டுச் சட்டத்துக்காவது யார் யார் என்ன செய்தார்கள் என்று கணக்கு இருக்கிறது. இந்த முப்பது கடைக்கு அது கூடவா இல்லை?

அடுத்து, சங்க அறையை வாடகைக்கு விடலாமா என்ற பேச்சு வந்தது. விதி என்ன சொல்கிறது என்று பார்க்க, வாழைக்குலைக் கடை முத்துக்கனி புத்தகத்தை எடுத்துப் பதினான்காம் விதியை உரக்கப் படித்தான். பதினெட்டு வருஷத்தில் அதை யாரும் படித்ததில்லை.

"சங்க அறையைத் தலைவரும் அவரது புத்திர பௌத்திர பாரம்பரியமும் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது."

கோலப்பனுக்குப் பகீரென்றது. கிரயப் பத்திரம் எழுதி எழுதிப் பழகின கை, தன் பாட்டுக்கு எழுதிவிட்டிருக்கிறது!

"கொள்ளாமே, ரொம்ப நல்லாருக்கே! சங்க ரூமு அண்ணாச்சிக்க பேரப்பிள்ளைகளுக்கா? நல்லாத்தான் சட்டம் எழுதியிருக்கீரு!" என்று முத்துக்கனி பாய்ந்தான். ஆளாளுக்குக் கத்தினார்கள். படட்டும், நன்றாகப் படட்டும் என்று கோலப்பனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

தாணுமாலயன் எழுந்து கைகூப்பினார். "எழுதுனது நான்தான். தப்பும் என்னதுதான். மன்னிச்சிருங்க. இப்பவே அடிச்சிருவோம்."

சட்டென்று கூட்டம் அடங்கியது. "என்ன பெரிய மனசு!" என்றார் வாத்தியார்.

கோலப்பனால் தாங்க முடியவில்லை. பேரைத்தான் எடுத்துக்கொண்டான், தப்பையுமா? துள்ளி எழுந்தார்.

"அது என் தப்பு வே! நான் எழுதுனது! இருபத்திரண்டும் நான் எழுதுனது!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாணுமாலயன் கண் கலங்க இறங்கி வந்து அவரைக் கட்டிக்கொண்டார். "பாத்தேளா! எனக்கு ஒரு பழி வந்தா இவன் பொறுக்க மாட்டான்."

கோலப்பன் அந்த முகத்தை அருகில் பார்த்தார். நடிப்பு இல்லை. சொல்லிச் சொல்லி, தானே எழுதியதாக மனுஷன் மெய்யாகவே நம்பிவிட்டிருந்தார்.

"சிநேகிதன்னா இப்படி இருக்கணும்" என்று முத்துக்கனி கைதட்டினான். கூட்டமே தட்டியது. எழுபத்தொரு வயதில் கோலப்பனுக்குக் கிடைத்த முதல் கைதட்டல். "நான்தான் எழுதுனேன்" என்று அவர் மறுபடி கத்தினார். அந்தச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.