பச்சை மையும் தேவநேசனின் ரிசல்ட்டும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் தேவநேசன் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. நூற்று நாற்பது இணைப்பு எண்களும் அவருக்கு மனப்பாடம். ஆனால் பிரெய்லில் வராத எதையும் அடுத்தவர் வாயால்தான் கேட்டாக வேண்டும்.

எண்பத்து மூன்றில் பிளஸ் டூ ரிசல்ட் வந்தபோது அக்கா அன்னாள் பேப்பரைப் பார்த்துவிட்டு, "நம்பர் இருக்குலே" என்றாள். தேவநேசன் சொந்த ஊரான வன்னியம்பட்டி முழுக்க மிட்டாய் கொடுத்தார். மூன்றாம் நாள் மார்க் ஷீட் வந்தது. கணக்கில் பெயில். தம்பி முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அக்கா சொன்ன பொய் அது. அவர் கோபப்படவில்லை; மறுபடி எழுதிப் பாஸும் ஆனார். ஆனால் அன்றிலிருந்து யார் எதைப் படித்துக் காட்டினாலும், இது எழுத்தா இரக்கமா என்ற சந்தேகம் மட்டும் போகவே இல்லை.

தொண்ணூற்றொன்பதில் துறைகளின் வெப்சைட்டுகளைப் புது சர்வருக்கு மாற்றும் வேலை கம்ப்யூட்டர் சென்டர் ரஹ்மத்துன்னிசாவிடம் வந்தது. பார்வையில்லாதவர்களுக்கும் பயன்படும்படி திருத்தியே மாற்ற வேண்டும் என்று உத்தரவு. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றைப் போட்டு, சோதித்துப் பார்க்கத் தேவநேசனை அழைத்தாள். மூக்கால் பேசுகிற வெள்ளைக்காரன் குரலில் அது இயற்பியல் துறையின் இங்கிலீஷ் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தது. தேவநேசன் ஸ்பீக்கரைத் தடவிப் பார்த்தார். அவருக்குப் புல்லரித்தது. அந்தக் குரலில் மருந்துக்குக்கூட இரக்கம் இல்லை. அவரை மலைக்க வைத்தது அதுதான்.

"தங்கச்சி, எம்.ஏ. பரீட்சை எழுதியிருக்கேன். ரிசல்ட் சரித்திரத் துறை பக்கத்துலதான் வருதாம். அத நானே படிக்கணும்."

சரித்திரத் துறையின் பக்கத்தைத் திறந்தாள். "இமேஜ்" என்றது மென்பொருள். அடுத்ததும் "இமேஜ்". துறைத்தலைவர் ஐயாதுரை ஒவ்வொரு அறிவிப்பிலும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, தாளை அப்படியே படம் பிடித்து ஏற்றியிருந்தார்.

"கையெழுத்து இல்லாத நோட்டீஸ் நோட்டீஸாம்மா? நாளைக்கு யாரு நம்புவா?" என்றார், ரஹ்மத்துன்னிசா அவர் அறைக்குப் போய்க் கேட்டபோது.

"கையெழுத்து கீழ படமாவே இருக்கட்டும் சார். மத்ததெல்லாம் எழுத்தா இருந்தாத்தான் தேவநேசன் அண்ணனுக்குக் கேக்கும்."

ஐயாதுரை பேனாவை மூடித் திறந்தார், மூடித் திறந்தார். பச்சை மையை விட்டுக்கொடுப்பது ராஜ்ஜியத்தை விட்டுக்கொடுப்பது மாதிரி அவருக்கு. கடைசியில் தலையாட்டினார்.

ரிசல்ட் பட்டியலை ரஹ்மத்துன்னிசாவே தட்டச்சு செய்தாள். ஆகவே அவளுக்கு முன்னாலேயே தெரியும். தேவநேசன் வந்து உட்கார்ந்ததும், "அண்ணே, செத்த நேரம் நான் பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். குரலைக் கேட்டாலே மனுஷர் கண்டுபிடித்துவிடுவார்.

அவர் விசையை ஒவ்வொன்றாக அழுத்தினார். தன் பதிவெண். தன் பெயர், அதுவும் கோணல் உச்சரிப்பில். நான்கு தாள்களில் பாஸ். ஐந்தாவது, நாற்பத்தொன்று, பெயில். பாஸாக ஐம்பது வேண்டும். மறுபடி அழுத்தினார். அதே குரல், அதே நாற்பத்தொன்று. மூன்றாவது தடவையும் அது ஒரு மார்க்கைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. அவர் கன்னம் நனைந்திருந்தது.

எழுந்து நேராகத் தன் இருக்கைக்குப் போய் வன்னியம்பட்டிக்குப் போன் போட்டார். பக்கத்துக் கடைக்காரர் அன்னாளைக் கூப்பிட்டு வரும்வரை காத்திருந்தார்.

"அக்கா, ஒரு பேப்பர்ல பெயிலு."

"எந்தப் பாவிலே உங்கிட்ட அதச் சொன்னது?"

"யாரும் சொல்லலக்கா. நானே படிச்சேன்."