கத்திக்கு வைத்த சந்தனம்

குக்கர் வாங்கியபோது பாத்திரக் கடைக்காரர் ஓசியாகக் கொடுத்த ஒரு கத்திதான் ரொம்ப நாளாக எங்கள் அடுப்படியை ஆண்டு வந்தது. பிளாஸ்டிக் பிடி பாதி உருகிப் போயிருந்தது. மழுங்கினால் என் மனைவி பீங்கான் கப்பைக் கவிழ்த்து, அடிவிளிம்பில் நாலு இழுப்பு இழுப்பாள். மறுபடியும் வெட்டும். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. அப்போது நான் பொழுதுக்கும் செல்போனில் கத்தி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

எஃகில் எத்தனை வகை உண்டு, எதில் கார்பன் அதிகம், எதில் குரோமியம் அதிகம் என்று என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் ஆனையூரில் ஒருத்தரும் கேட்கவில்லை, அதுதான் கொடுமை.

கடைசியில் ஒரு ஜப்பான் கத்தியை வரவழைத்தேன். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படிப் பளபளப்பு. கூர் மழுங்காது, ஆனால் ஈரம் பட்டால் துருப் பிடிக்கும். ஆகவே சட்டம் போட்டேன். எலுமிச்சம்பழம் வெட்டக் கூடாது. சிங்க்கில் போடக் கூடாது. வெட்டிய கையோடு துடைத்து வைக்க வேண்டும்.

"இது என்ன கத்தியா, கைக்கொழந்தையா? இம்புட்டு சீராட்ட எனக்கு நேரமில்ல. நீங்களே வச்சுக் கொஞ்சுங்க" என்று சொல்லிவிட்டு மனைவி ஓசிக் கத்தியையே எடுத்தாள்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் வாயால் ஒரே ஒரு தடவை "நல்ல கத்தி" என்று வரவழைத்துவிட வேண்டும். தக்காளியைக் கண்ணாடி போலச் சீவிக் காட்டினேன்.

"ரசத்துல கரையப் போற தக்காளிதானே" என்றாள்.

இப்படியே ஆயுத பூஜை வந்தது. நான் வாசலில் பைக்கைக் கழுவி மாலை போட்டுவிட்டு உள்ளே வந்தேன். மிக்ஸி, கத்தரிக்கோல், சுத்தியல், என் லேப்டாப் எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில், தாம்பாளத்தில், என் கத்தி. குழைத்த திருநீற்றில் மூன்று பட்டை, அதன்மேல் சந்தனம், குங்குமம். எல்லாம் சொதசொதவென்று ஈரம். எனக்குப் பகீரென்றது.

"நீங்க உசுரா வச்சிருக்கீங்கள்ல, அதான் நடுவுல வச்சேன்" என்றாள்.

இத்தனை நாள் கேலி செய்தவள் முதன்முதலாக என் கத்திக்கு மரியாதை செய்திருக்கிறாள். அதைப் போய்த் துடை என்று எந்த வாயால் சொல்வேன்? பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடவும் கூடாது. அதற்குள் துரு ஏறிவிடும்.

சூடம் காட்டி முடித்ததும் அவளும், பூஜைக்கு வந்திருந்த அவள் அண்ணனும் சுண்டல் எடுக்க அடுப்படிக்குள் போனார்கள். இதுதான் சமயம் என்று வேட்டி நுனியைக் கையில் பிடித்துக் கத்தியை நோக்கிக் குனிந்தேன்.

"மாப்ள, என்ன பண்றீங்க?" அவள் அண்ணன் வாய் நிறையப் பொரியோடு பின்னால் நின்றார்.

"ஒண்ணுமில்ல மச்சான். சாமி கும்புடுறேன்."

"இப்பத்தானே கும்புட்டீங்க?"

வேறு வழி? நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

"ஏத்தா, இங்க வந்து பாரு! மாப்ளைக்கு எம்புட்டு பக்தி!" என்று தங்கச்சியைக் கூப்பிட்டார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் ஒரு கை சந்தனம் குழைத்து வந்து கத்தியில் அப்பினாள்.

காலையில் சந்தனத்தை வழித்தால் அடியில் பழுப்புப் பழுப்பாகத் திட்டுகள். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"சந்தன ஈரமும் ஆகாதுன்னு நேத்தே ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? வெறும் பூவப் போட்டிருப்பேன்ல" என்று மனைவி என்னைத்தான் திட்டினாள். பிறகு கத்தியை வாங்கி, புளியும் கம்பி நாரும் போட்டுக் குத்துவிளக்கைத் தேய்க்கிற தேய்ப்பு தேய்த்தாள். துரு போனது. பளபளப்பும் போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கழுவின கையோடு பூசணிக்காயில் வைத்து அழுத்தினாள். வழுக்கிக்கொண்டு இறங்கியது. இன்னொரு பத்தை போட்டாள். கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நல்ல கத்திதாங்க" என்றாள்.

அப்பாடா என்று எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது.

"சும்மா சொல்லக் கூடாது. நம்ம ஓசிக் கத்தி மாதிரியே வெட்டுது."